அந்த ஒரு வரியில் மழை இல்லை

போன செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பீலியடியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தபோது லயத்து வீட்டு வரிசையில் உங்கள் காம்பராவிலிருந்து உன் குரல் கேட்டது. உன் தம்பி வாங்கி வைத்திருக்கும் சின்ன ஸ்பீக்கரில் உன் பாட்டுகளை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டிருந்தார்கள். நீ போய் ஒரு வருஷம் ஆகிறது, ஞாயிற்றுக்கிழமை சபையில் உனக்கு நினைவுக் கூட்டம் வைத்திருக்கிறார்கள், அதற்கான ஏற்பாடு இது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் கால் அப்படியே நின்றுவிட்டது. லயத்துக்கு மேலே இறப்பர் மரமெல்லாம் இலை உதிர்த்து மொட்டையாக நிற்கிறது. மாசி வெயில், ஒரு சொட்டு மழை இல்லை. உன் பாட்டுக்குள் மட்டும் சோவென்று மழை பெய்துகொண்டிருந்தது.

கடைசிப் பாட்டு வந்தது. அதை நான் அதிகம் கேட்பதில்லை. கேட்டால் அன்றைக்கு ஒரு வேலையும் ஓடாது. பாட்டு முடியும் இடத்தில் நீ பாடாத ஒரு வரி வந்தது. "சுகமானேன் நானு" என்றாய். உன் குரல்தான். சிரிப்பை அடக்கிக்கொண்டு பேசும்போது உனக்கு வரும் அந்தக் கரகரப்புகூட இருந்தது. ஆனால் அந்த ஒரு வரியில் மழை இல்லை. அதுவரை பெய்துகொண்டிருந்த மழை அந்த இடத்தில் சட்டென்று நின்று, வரி முடிந்ததும் மறுபடி பிடித்துக்கொண்டது. இறப்பர் பால் வெட்டிப் பிழைக்கிறவளுக்கு மழை நிற்பது காதில் விழாமல் போகுமா? என் குடம் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. "என்னாடி, தண்ணிய பாத்துக்கிட்டு தவம் இருக்கியா?" என்று பின்னால் நின்றவர்கள் கத்தினார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததை உன்னிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. உன்னோடு சண்டை பிடித்துத்தான் எனக்கு எதுவும் தெளியும். நீ இல்லாததால் எழுதித் தொலைக்கிறேன்.

நாம் இரண்டு பேரும் ஒரே மலையில், பக்கத்துப் பக்கத்து நிரையில் வெட்டினோம். நீ காதில் ஒரு வயரை மாட்டிக்கொண்டு, பட்டையில் கத்தியை இழுத்துக்கொண்டே முணுமுணுப்பாய். தன்னைத்தான் திட்டுகிறாய் என்று நினைத்துக் கங்காணி கணக்கப்பிள்ளையிடம் போய் முறையிட்டதும், அவர் வந்து விசாரித்தபோது நீ முணுமுணுத்ததைச் சத்தமாகச் சொல்லிக் காட்டியதும் இப்போதும் மலையில் பேச்சுத்தான்.

"பெரட்டுல என் பேர விட்டாலும் விடுவாங்க,
பரலோகப் பெரட்டுல விடமாட்டாருங்க"

காலையில் எல்லோரையும் நிற்கவைத்துப் பேர் கூப்பிடும் பெரட்டுக்களத்தை எடுத்து ஆண்டவருடைய வாசலில் வைத்துவிட்டாய். கணக்கப்பிள்ளைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கங்காணிக்குத்தான் கடைசிவரை சந்தேகம் தீரவில்லை.

"இது ராப்புடி. ஆண்டவருக்கு ராப்பு," என்றாய் என்னிடம். "ஒரு ஆல்பம் பண்ணப் போறேன். நீ தாளம் போடணும்."

"ஒங்க சாமி பாட்டுக்கு நான் எதுக்குடி? நான் மாரியம்மன் கோயில்காரி."

"நீ தட்டப்போறது பால் வாளிய. வாளி என்னா ஞானஸ்நானமா எடுத்திருக்கு?"

இப்படித்தான் வாயை அடைப்பாய். அன்றிலிருந்து நான் வாளி, நீ வாய். கவிழ்த்துப் போட்ட வாளியின் நடுவில் தட்டினால் ஒரு சத்தம், விளிம்பில் தட்டினால் வேறொன்று. அதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது. உன் தம்பி அதை போனில் பிடித்து, வெட்டி ஒட்டி, ஊரில் இல்லாத மேளக்காரன் வாசித்ததுபோல் ஆக்கிவிடுவான். கரவனெல்ல டவுனில் போன் கடையில் வேலை செய்கிறவனுக்கு அந்தக் கைவேலை தண்ணீர் பட்ட பாடு.

பாட இடம் தேடியதை நினைத்தால் இப்போதும் சிரிப்பு. லயத்தில் குழந்தை அழும், நாய் குரைக்கும், யாராவது யாரையாவது ஏசுவார்கள். கடைசியில் இறப்பர் ஷீட் தொங்கப் போடும் பழைய ஸ்டோரைக் கண்டுபிடித்தோம். வரிசை வரிசையாய்த் தொங்கும் ஷீட்டுகளுக்கு நடுவே நின்று பேசினால் எதிரொலியே இல்லை. கம்பளிக்குள் வாய் வைத்துப் பேசுகிற மாதிரி இருக்கும். காவலுக்கு இருந்த சிங்கள அண்ணன், நாம் அய்யே என்று கூப்பிடுகிறவர், முதலில் முறைத்தார். நீ "பய வென்ன எபா" என்று, பயப்படாதே என்று, சிங்களத்தில் பாடும் வரியைக் கேட்டதும் ஸ்டூலை இழுத்து வாசலில் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஒவ்வொரு பாட்டு முடிந்ததும் "தவ எகக், நங்கி" என்பார். இன்னும் ஒன்று பாடு தங்கச்சி என்று கேட்க இந்த மலையில் முதலில் வந்த ரசிகர் அவர்தான்.

இடம் கிடைத்தது, நாள் கிடைக்கவில்லை. உன் நெஞ்சில் ஒரு வால்வு சரியில்லை என்று பள்ளிக்கூட வயதிலேயே சொல்லியிருந்தார்கள். கிளினிக் நாளில் ஆஸ்பத்திரிக்குப் போய், வரும்போது எனக்கு மீன் அடைத்த மாலு பணிஸ் ஒன்று வாங்கி வருவாய். நோய் உனக்கு, தீனி எனக்கு. வேலை நாளில் மேட்டிலிருந்து இறங்கிப் பால் ஊற்றிவிட்டு வந்தால் உனக்குப் பேசவே மூச்சு இருக்காது. ஞாயிற்றுக்கிழமை முழுக்கச் சபை. மிச்சம் இருப்பது மழை நாள்தான். மரம் நனைந்தால் வெட்டு இல்லை. வெட்டு இல்லாத நாளில் உனக்கு மூச்சு உண்டு. ஆனால் அந்த ஸ்டோருக்குத் தகரக் கூரை.

"அக்கா, மழ சத்தம் பாட்ட முழுங்குது. மழ இல்லாத நாளா பாத்து வாங்க," என்று உன் தம்பி தலையில் அடித்துக்கொள்வான்.

"மழ இல்லாட்டி மலைக்கு போவணும்டா மடையா."

"அப்ப எப்பத்தான் பாடப் போறீங்க?"

"இப்ப. மழையும் சேந்து பாடட்டும். அதுவும் அவரு செஞ்சதுதானே?"

அப்படியே பாடினாய். ஆல்பத்துக்கு 'வெட்டில்லாத நாள்' என்று பேரும் வைத்தாய். ஒரு பாட்டில் தூறல், ஒன்றில் பேய் மழை, ஒன்றில் மழை விட்டுக் கூரையிலிருந்து சொட்டுகிற சத்தம். ஷீட்டுப் புகை வாசம் தலைமுடியில் ஏற, நனைந்த பாவாடையோடு வீட்டுக்கு ஓடுவோம். நான் ஆடிக்கொண்டு ஓடுவேன். நீ நின்று நின்று வருவாய். எவ்வளவு சந்தோஷமாக இருந்தோம் என்று அப்போது எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாதடி.

பாஸ்டர் நல்ல மனிதர். அதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல வேண்டும். உனக்கு முடியாதபோதெல்லாம் தன் பழைய த்ரீவீலரில் ஏற்றிக்கொண்டு போனவர் அவர்தான். உன் முதல் பாட்டைக் கேட்டுவிட்டு, "இம்புட்டு வேகமா சொன்னா ஆண்டவருக்கே வெளங்காதே தங்கச்சி" என்றார். பிறகு அவரே அதைப் போட்டுக்கொண்டு த்ரீவீலர் ஓட்டினார்.

உங்கள் சபையில் ஒரு வழக்கம். பாட்டு முடிந்ததும் பாஸ்டர் கேட்பார், யாருக்குச் சாட்சி இருக்கிறது என்று. ஒவ்வொருவராக எழுந்து, காய்ச்சலாய்க் கிடந்தேன், ஜெபம் பண்ணினேன், சுகமானேன் என்பார்கள். மகனுக்கு வேலை இல்லை, ஜெபம் பண்ணினோம், கிடைத்தது என்பார்கள். ஒவ்வொன்று முடியும்போதும் எல்லோரும் "ஸ்தோத்திரம்" என்பார்கள். கிறிஸ்மஸ் கேக்குக்காக வந்து உட்கார்ந்த நானும் சொல்லியிருக்கிறேன். அப்படி ஒரு நாள் உன் காதில் கேட்டேன், "எல்லாருக்கும் கெடச்சிருச்சே, கெடைக்காதவங்க என்னாடி பண்ணுவாங்க?"

"அவங்க எந்திரிக்க மாட்டாங்க. ஒக்காந்தே இருப்பாங்க," என்றாய்.

வீட்டுக்குப் போகும் வழியில், பீலியடிக்கு வந்ததும், "அவங்களுக்கு ஒரு பாட்டு இல்லடி," என்றாய். அதுதான் அந்தக் கடைசிப் பாட்டு.

அதற்குள் உனக்கு மூச்சு மிகவும் குறைந்துவிட்டது. முதல் பாட்டுகளில் இருந்த வேகம் இல்லை. மூச்சு எவ்வளவு நீளமோ வரியும் அவ்வளவு நீளம் என்று ஆக்கிக்கொண்டாய். வாளியை நான் மெல்லத் தட்டினேன். ஐப்பசி மழை, நிதானமான மழை. ஸ்டூலில் இருந்த அய்யே கையைக் கட்டிக்கொண்டு கீழே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கேட்டேன்.
குடுக்கல.
இன்னும் கேட்டேன்.
இன்னும் குடுக்கல.
எந்திரிச்சுப் போகல நானு.
அவரும் போகல."

அன்றைக்கு அய்யே இன்னொன்று கேட்கவில்லை.

பாஸ்டர் உங்கள் காம்பராவில் வந்து அதைக் கேட்டபோது நானும் உன் தம்பியும் இருந்தோம். கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு சொன்னார், "பாட்டு நல்லாருக்கு. ஆனா இப்பிடி முடிக்கக் கூடாது தங்கச்சி. 'சுகமானேன்'னு விசுவாசத்துல ஒரு வரி போடு. வாயால அறிக்க பண்ணு, ஆண்டவர் நெறவேத்துவார்." அவர் உன் மேலுள்ள பாசத்தில் சொன்னார். உன் அம்மா கும்பிட்ட கையோடு உன்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சுகமானா மொத ஆளா நானே ஓடிவந்து சொல்றேங்க பாஸ்டர். ஆகாததுக்கு முந்தி சொன்னா, அவரு பேர வச்சு நான் பொய் சொன்ன மாதிரி இல்லீங்களா?"

அவர் உன் தலையில் கைவைத்து ஜெபம் பண்ணிவிட்டுப் போனார். அவர் போனதும் உன்னைப் பிடித்துக்கொண்டது நான்தான். சாமி வேறு, கோயில் வேறு, எனக்கு அதெல்லாம் கண்ணில் படவில்லை. "சொல்லிருடி. ஒரு வரிதானே. ஒருவேள அப்பிடி சொன்னாத்தான் அவரு செய்வாரோ என்னமோ. சொல்லி வையேன்," என்று கெஞ்சினேன். வேதம் படித்தவள் நீ, சொல்லச் சொல்லி அழுதவள் நான். வெளியில் யாராவது பார்த்திருந்தால் யார் விசுவாசி என்று குழம்பியிருப்பார்கள்.

நீ என் கையைப் பிடித்துக்கொண்டாய். உன் விரல் நகமெல்லாம் நீலம் பாரித்திருந்தது. "ஏண்டி, எனக்கு சொகம் குடுத்தாத்தான் அவரு நல்லவரா?" என்று கேட்டாய்.

அவர் நல்லவரா இல்லையா என்பது எனக்கு வேண்டாம், எனக்கு நீ வேண்டும் என்று சொல்ல நினைத்தேன். வாளியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். மரமெல்லாம் இலை உதிர்த்து நின்ற மாசத்தில், ஒரு வேலை நாள் காலையில், நாங்கள் மலையில் நின்றபோது உன் தம்பி மேடேறி வந்தான். அவன் ஓடிவராமல் நடந்து வந்ததைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது.

செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். குடத்தை வாசலில் போட்டுவிட்டு உங்கள் காம்பராவுக்குள் போனேன். உன் தம்பி என் முகத்தைப் பார்த்ததும் பாட்டை நிறுத்தினான். அவன் ஒன்றையும் மறைக்கவில்லை. இப்போது போனில் அதற்கெல்லாம் வசதி இருக்கிறதாம். உன் பழைய பாட்டுகளைக் கொடுத்தால் நீ சொல்லாததையும் உன் குரலில் சொல்லுமாம்.

"பரலோகத்துல சொகமாத்தானே இருக்கா? அந்த அர்த்தத்துலதான் போட்டேன், அக்கா. பாஸ்டருக்கும் இன்னும் சொல்லல. அம்மாவுக்கு ஒரு ஆறுதல்."

"அவ மாட்டேன்னு சொன்னாடா. ஒன் முன்னுக்குத்தானே சொன்னா?"

கட்டிலில் இருந்து உன் அம்மாதான் பேசினார். "அவனை ஏசாத. அது அவ சொன்னது இல்லன்னு எனக்கு தெரியாதா? பெத்தவளுக்கு தெரியாதா? காதுக்கு நல்லாருக்கு, அம்புட்டுத்தான். திருப்பித் திருப்பிப் போடச் சொல்லி கேக்குறேன்."

உள்ளே ஒரு கூடை வசவு இருந்தது. உன் அம்மாவுக்குக் கிடைத்த ஒரே ஒரு வரியைப் பிடுங்க நான் யார்? திரும்பி வந்து படுத்தேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமை அத்தனை பேருக்கு நடுவில் அந்த வரி ஒலிக்கும், எல்லோரும் ஸ்தோத்திரம் சொல்வார்கள், நீ சாகும்வரை சொல்ல மறுத்தது நீ சொன்னதாகவே ஆகிவிடும். பிறகு கிடைக்காதவர்களுக்கு இருந்த அந்த ஒரு பாட்டும் இல்லாமல் போய்விடும். அந்த வாரம் முழுக்க மலையில் என் கத்தி சரியாக இழுபடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நீ எனக்குக் கொடுத்த நீலச் சேலையைக் கட்டிக்கொண்டு சபைக்குப் போனேன். கடைசிப் பாய்க்குப் போய் உட்கார்ந்தேன். பாட்டுகள் பாடினார்கள். உன் தம்பி ஸ்பீக்கரைச் சரிபண்ணிக்கொண்டிருந்தான். அதற்கு முன், பாஸ்டர் வழக்கம்போல் சாட்சி கேட்டார். நான் எழுந்துவிட்டேன். எழுந்த பிறகுதான் எழுந்தது தெரிந்தது. பாஸ்டர் கொஞ்சம் திகைத்துப் போய், "சொல்லு தங்கச்சி" என்றார்.

"நான் சபைக்காரி இல்லீங்க. எனக்கு சாட்சி சொல்லத் தெரியாது. இது அவளோடது. அவளுக்கு நெஞ்சு நோவு. நீங்க எல்லாரும் ஜெபம் பண்ணுனீங்க. நானும் எங்க மாரியாத்தாகிட்ட கேட்டேன். சொகமாகல. கடசி வரைக்கும் சொகமாகல. ஆனா ஒரு நாளாச்சும் ஜெபம் பண்ணாம அவ படுத்தது இல்ல. கோவிச்சுக்கிட்டதும் இல்ல. பக்கத்துல இருந்து நான் பாத்தேன். அவ்வளவுதாங்க."

இப்படி முடிகிற சாட்சிக்கு ஸ்தோத்திரம் சொல்லலாமா கூடாதா என்று யாருக்கும் தெரியவில்லை. மேலே ஃபேன் சுற்றும் சத்தம் மட்டும் கேட்டது. உட்காரவும் முடியாமல் நின்றேன். ஏன்டா எழுந்தோம் என்று இருந்தது.

அப்போது முன்னாலிருந்து ஒரு குரல், "ஸ்தோத்திரம்" என்றது. உன் அம்மா. திரும்பிப் பார்க்காமலே சொன்னார். பிறகு உன் தம்பியிடம், "தம்பி, அவ பாடுனத போடு. அவ பாடுனத மட்டும் போடு," என்றார்.

அவன் போனை எடுத்துக் கொஞ்ச நேரம் தேடினான். பிறகு உன் மழை அந்த மண்டபத்துக்குள் பெய்தது. "அவரும் போகல" என்று நீ முடித்த பிறகும், நீ இரண்டு மூன்று தடவை மூச்சு வாங்குவது கேட்டது, என் வாளி கேட்டது, பிறகு மழை மட்டும் கேட்டது. பாஸ்டர் முகத்தைக் கையால் மூடிக்கொண்டு நின்றார். பின் வரிசையில், கை விழுந்துபோய் வேலையிலிருந்து நின்ற ஒருவர், நான் அதுவரை பேசிப் பார்க்காதவர், சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "எனக்கும் இன்னும் ஒன்னும் ஆகலீங்க," என்றார். "ஆனா வந்துக்கிட்டுத்தான் இருக்கேன்." இந்தத் தடவை சபை முழுக்க ஸ்தோத்திரம் சொன்னது. கூட்டம் முடிந்து வெளியே வந்ததும் உன் அம்மா என் சேலைத் தலைப்பைச் சரிசெய்துவிட்டார்.

அப்ப நீ நம்புறியாடி என்று கேட்பாய். ஆசைப்படாதே, நான் இன்னும் கோயில்காரிதான். நேற்று போனேன். இத்தனை வருஷமாய் ஆத்தாளிடம் நான் போனதெல்லாம் பேரம் பேசத்தான். இதைச் செய், பால்குடம் எடுக்கிறேன். அதைச் செய், சேவல் விடுகிறேன். உனக்காகவும் அப்படித்தான் ஒரு வருஷம் முழுக்கப் பேசினேன். நீ போன பிறகு கோபத்தில் அந்தப் பக்கமே போகவில்லை. நேற்று ஒன்றும் நேர்ந்துகொள்ளவில்லை. அவ போயிட்டா, எனக்கு மலையில பேச்சுக்கு ஆள் இல்ல, ஒன்மேல எனக்கு கோவம் இருக்கு என்று உள்ளதை உள்ளபடி சொன்னேன். சொல்லி முடித்ததும் எழுந்து வந்திருக்கலாம், வேலை கிடந்தது. பூசாரி வந்து கதவைச் சாத்தும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.